மழைக்குளிர் வேறு, பனிக்குளிர் வேறு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் குளிர்காலம் தொடங்கும் விதம்

கார்த்திகை பிறந்ததும் ஓசூரில் ஸ்வெட்டர்கள் பீரோவை விட்டு வெளியே வந்துவிடும். அதே வாரத்தில் அரூரில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சி வானிலை அறிக்கையில் வடகிழக்குப் பருவமழையைப் பற்றித்தான் பேச்சு. குளிர்காலம் என்ற சொல்லே வராது. வாட்ஸ்அப்பில் மட்டும் "இந்த ஆண்டு வரலாறு காணாத குளிர்" என்று ஒரு செய்தி சுற்றும். சரி, குளிர்காலம் தொடங்கிவிட்டதா, இல்லையா?

இந்த இரண்டு மாவட்டங்களிலும் அடுத்தடுத்து இரண்டு குளிர்கள் வருகின்றன. முதலாவது மேகம் கொண்டுவரும் குளிர். ஐப்பசி, கார்த்திகையில் வரும். பகலில்தான் அதிகம் உறைக்கும். இரண்டாவது, மேகம் விலகுவதால் வரும் குளிர். மார்கழி, தையில் வரும், விடியற்காலையில் உறைக்கும். பிறக்கும் விதமும் வேறு, விளைவும் வேறு. மாந்தோப்புக்கு ஒன்று எதிரி, மற்றது நண்பன். ராகிக் களத்துக்கு இரண்டுமே தொல்லை, ஆனால் வெவ்வேறு வகையில்.

மூன்று நாட்காட்டிகள்

குளிர்காலம் எப்போது என்று கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும்.

1. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஜனவரி, பிப்ரவரி மட்டுமே குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். அதனால்தான் டிசம்பரில் நாம் எவ்வளவு நடுங்கினாலும் அறிக்கை மழைக்காலம் என்றே சொல்கிறது.

2. வானியல் கணக்கில் டிசம்பர் 21 அல்லது 22இல் சூரியன் தென்கோடியைத் தொடுகிறது. அன்றுதான் ஆண்டின் மிகக் குறுகிய பகல். குளிர்காலம் அன்று தொடங்குவதாகக் கொள்வது மேலைநாட்டு வழக்கம்.

3. தமிழ் மரபில் ஆறு பருவங்கள்: ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, அப்புறம் இளவேனில், முதுவேனில்.

இந்த வட்டாரத்தை நன்றாகப் பிடித்து வைத்திருப்பது மூன்றாவதுதான் என்பது என் கணிப்பு. மற்ற இரண்டும் குளிரை ஒரே பருவமாக வைக்கின்றன. ஆறு பருவக் கணக்கு மட்டுமே மழையோடு வரும் குளிரைத் தனியாகவும் பனியோடு வரும் குளிரைத் தனியாகவும் பிரித்து வைத்திருக்கிறது.

சூரியன் தூரமாகப் போவதில்லை

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். "பூமி சூரியனைவிட்டு வெகுதூரம் போகிறது, அதனால் ஆகஸ்ட் வரை கடும் குளிர் அடிக்கும், இருமல் சளி வரும்" என்றொரு செய்தி ஆண்டுதோறும் கைபேசிகளில் சுற்றுகிறது. அதில் ஒரு பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். பூமியின் பாதை முழு வட்டம் இல்லை. ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் சுமார் 14.7 கோடி. அதாவது தைப் பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, நாம் போர்வைக்குள் முடங்கிக் கிடக்கும்போதுதான் சூரியன் ஆண்டிலேயே மிக அருகில் இருக்கிறது. தூரம்தான் குளிருக்குக் காரணம் என்றால் ஜனவரியில் வியர்க்க வேண்டும்.

உண்மையான காரணம் பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. கிருஷ்ணகிரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12.5 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் நண்பகலிலும் சூரியன் தலைக்கு நேராக வராது. தெற்கே சரிந்து அடிவானிலிருந்து 54 டிகிரி உயரத்தில் நின்றுவிடும். வெயில் சாய்வாக விழுகிறது, அதே ஒளி அதிக நிலத்தில் பரவுகிறது, சூடு குறைகிறது. பகலின் நீளமும் சுருங்குகிறது. ஜூன் மாதத்தில் 12 மணி 50 நிமிடம் நீளும் பகல், டிசம்பரில் 11 மணி 25 நிமிடத்துக்கு வந்துவிடும். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. டெல்லியின் கடுங்குளிர் நமக்கு வராததற்கு இது ஒரு காரணம்.

பலரைக் குழப்பும் இன்னொரு விஷயம். டிசம்பர் 21தான் குறுகிய பகல் என்றால், அதற்குப் பிறகு காலை சீக்கிரம் விடிய வேண்டுமே? ஆனால் ஜனவரி முழுக்க விடியல் தள்ளிக்கொண்டே போகிறது. பார்வைப் பிழை இல்லை, கணக்கே அப்படித்தான். ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடையே எப்போதும் சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நண்பகல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், மொத்தத்தில் அரை மணி நேரம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே பகல் நீளத்தின் மாற்றம் சிறியது என்பதால் இந்த நகர்வே மேலோங்கி நிற்கும். விளைவு: கிருஷ்ணகிரியில் மிகச் சீக்கிரமான அந்தி நவம்பர் கடைசிப் பகுதியிலேயே, மாலை 5.50ஐ ஒட்டி வந்து போய்விடும். மிகத் தாமதமான விடியல் ஜனவரி கடைசிப் பகுதியில், காலை 6.45ஐ ஒட்டி வரும். கார்த்திகையில் சாயங்காலம் சட்டென்று இருட்டுவதும், தையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகள் மங்கிய வெளிச்சத்தில் பேருந்துக்கு நிற்பதும் இதனால்தான்.

முதல் குளிர்: மேகத்தின் வேலை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் தொடங்கும். ஆசியப் பெருநிலம் குளிரத் தொடங்கும்போது அங்கே காற்றழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து புறப்படும் காற்று வங்கக் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. கடலோர மாவட்டங்களுக்கு இதுதான் முதன்மையான மழை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்படி இல்லை. ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் தென்மேற்கும் வடகிழக்கும் கிட்டத்தட்ட சரிபாதி, தென்மேற்கின் பங்கு சற்றே கூடுதல். செப்டம்பர், அக்டோபரிலேயே பெருமழை பெய்து முடிந்திருக்கும். எனவே நவம்பரில் இங்கே வருவது பெரும்பாலும் நாள்பூராவும் விடாத தூறலும் மூட்டமும்தான். வங்கக் கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ உருவானால் மட்டும் கதை மாறும்.

மாறினால் எப்படி மாறும் என்பதை 2024 காட்டியது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வலுவிழந்து, மெதுவாக மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. கரையைக் கடந்த புயலைக் கடலோரத்தார் மறந்துவிடலாம், உள்மாவட்டத்தார் மறந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

இந்த மூட்டமான நாட்களின் குளிர் இப்படி வேலை செய்கிறது:

1. மேகம் பகலில் வெயிலை மறிக்கிறது. பகல் உச்ச வெப்பநிலை ஏறாது.
2. அதே மேகம் இரவில் தரையின் சூடு வானத்துக்குத் தப்பாமல் போர்வையாக மூடிக்கொள்கிறது. இரவு வெப்பநிலையும் பெரிதாக இறங்காது.
3. எனவே பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் சில டிகிரிகள்தான்.
4. ஈரக் காற்றும் நனைந்த துணியும் உடலின் சூட்டை உறிஞ்சுவதால், வெப்பமானி சொல்வதைவிட நமக்கு அதிகமாகக் குளிர்கிறது.

நடுப்பகலில் சால்வை தேவைப்பட்டு, நள்ளிரவில் அதே சால்வை போதுமானதாக இருந்தால் அது மழைக்குளிர்.

இரண்டாம் குளிர்: வெட்டவெளி வானத்தின் வேலை

"கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை" என்பது பழமொழி. முழுக்க நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழை மார்கழி பிறந்த பிறகு பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவானது. ஆனால் நம் மேட்டுநிலத்துக்குப் பழமொழி பெரும்பாலும் பொருந்தும். டிசம்பர் நடுவிலிருந்து காற்று திசையும் குணமும் மாறுகிறது. கடலைத் தொடாமல் தக்காணப் பீடபூமியின் உலர்ந்த நிலத்தின் வழியாக வரத் தொடங்குகிறது. வானம் துலங்குகிறது.

மேகம் போனதும் போர்வையும் போய்விடுகிறது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தரை இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானத்துக்கு இழக்கிறது. மேகம் இல்லை, காற்றில் ஈரமும் குறைவு, வீச்சும் இல்லை என்றால் இழப்பு தடையில்லாமல் நடக்கும். விடியும் வரை வெப்பநிலை இறங்கிக்கொண்டே இருக்கும். மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு இல்லை, சூரியன் எழும் தருணம். இரவில் தரை இழப்பதைச் சூரியன் ஈடுகட்டத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

சாதாரணமாக மேலே போகப் போகக் குளிரும். இந்த இரவுகளில் தலைகீழ். தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்து கீழேயே தங்கிவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடியிருக்கும். இதை வெப்பத் தலைகீழ் நிலை என்கிறார்கள். கருவி எதுவும் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம்:

• அதிகாலையில் அடுப்புப் புகையைக் கவனியுங்கள். நேராக எழும்பி, ஓட்டுக்குக் கொஞ்சம் மேலே போனதும் தட்டையாகப் படர்ந்து நின்றால் தலைகீழ் நிலை இருக்கிறது.

• சேலம்–தருமபுரி–ஓசூர்–பெங்களூரு ரயில் பாதையிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் மற்ற மாதங்களில் கேட்காத ரயில் ஓசை மார்கழி விடியலில் கேட்கும். மேலே உள்ள வெப்பக் காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால் வளைந்து தரைக்கே திரும்பி வருகிறது. கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு நாலு ஊருக்குக் கேட்பதும் இதனால்தான். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகுமுன் இதையும் யோசிக்கலாம்.

புகை தங்குவது வேடிக்கை மட்டும் இல்லை. போகிப் பண்டிகைக்கு எரிப்பது தை பிறப்பதற்கு முந்தைய விடியலில், அதாவது காற்று மிகவும் அடங்கியிருக்கும் நேரத்தில். அதே குப்பையைப் பிற்பகல் மூன்று மணிக்கு எரித்தால் புகை மேலெழும்பிக் கலைந்துவிடும்; விடியலில் எரிக்கும்போது தெருவிலேயே நிற்கிறது. எரிக்காமலே இருப்பது நல்லது என்பது வேறு விஷயம். ஓசூர் போல ஆலைகளும் வாகனங்களும் மிகுந்த ஊரில் ஆஸ்துமாக்காரர்கள் இந்த மாதங்களில் காலை நடையை எட்டு மணிக்குத் தள்ளி வைப்பதற்கும் இதே காரணம்தான்.

ஓசூருக்கும் அரூருக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி 500 மீட்டர் அளவு, தருமபுரி அதைவிடச் சற்றுத் தாழ்வு. அரூர், ஊத்தங்கரை இன்னும் கீழே. ஒகேனக்கல் எல்லாவற்றுக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறினாலே இரண்டரை டிகிரி போய்விடும். தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று அழைத்ததும், தருமபுரிக்குப் பக்கத்திலேயே வத்தல்மலையில் காபி விளைவதும் இந்த உயரத்தால். ஓசூரின் குளிரைப் பெங்களூரின் குளிரோடு சேர்த்துப் பார்ப்பதே சரி. ஒரே பீடபூமியின் விளிம்பு அது. பெங்களூரில் 1884 ஜனவரி 13 அன்று 7.8 டிகிரி வரை இறங்கியிருக்கிறது.

ஆனால் உயரக் கணக்கு தெளிந்த இரவுகளில் முழுதாக எடுபடாது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மலையடிவார ஓடைக்கரையில் இருக்கும் தோட்டத்தில் மேட்டு வீட்டைவிட விடியலில் அதிகமாகக் குளிர்வதை விவசாயிகள் அறிவார்கள். சமவெளிகளில் குறைந்த வெப்பநிலை பதிவான இடம் என்று வானிலை அறிக்கையில் தருமபுரியின் பெயர் அடிக்கடி அடிபடுவதில் ஆச்சரியம் இல்லை. கடலிலிருந்து வெகுதூரம், வானம் சீக்கிரம் தெளியும், சுற்றிலும் மலை.

பனித்துளி, மூடுபனி, உறைபனி

செய்திகளில் இம்மூன்றும் கலந்து வருகின்றன, பிரித்துக்கொள்வது நல்லது.

1. பனித்துளி வானத்திலிருந்து பெய்வதில்லை. புல்லும் இலையும் கதிர்வீச்சால் காற்றைவிட அதிகம் குளிர்கின்றன. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனதும் அவற்றைத் தொடும் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர்.

2. மூடுபனி என்பது தரையை ஒட்டிய காற்றே பனிநிலைக்குக் கீழே போய், ஈரம் மிகச் சிறு துளிகளாக மிதப்பது. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் தெரியாவிட்டால்தான் வானிலைத் துறை அதை மூடுபனி என்று கணக்கில் எடுக்கும். 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர் மூடுபனி, 50 மீட்டருக்குக் குறைந்தால் மிக அடர் மூடுபனி.

3. உறைபனி, பரப்பின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் படியும் பனிக்கட்டித் தூள். அது ஊட்டிச் சமாச்சாரம். "ஓசூரில் உறைபனி" என்று தலைப்பு வந்தால் பெரும்பாலும் வெள்ளையாகத் தெரிந்த மூடுபனியைத்தான் சொல்கிறார்கள்.

மிக அடர்ந்த மூடுபனி எப்போது வரும்? இரண்டு குளிர்களும் கைமாறும் நாட்களில். இரண்டு மூன்று நாள் மழை பெய்து மண் ஊறியிருக்கிறது, மாலையில் வானம் வெளுக்கிறது, காற்று அடங்குகிறது. ஈரம் முதல் குளிரின் மிச்சம், தெளிந்த வானம் இரண்டாவதின் வரவு. மறுநாள் காலை சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி தெரியாது. மழை முடிந்த முதல் தெளிந்த இரவுக்கு மறுநாள் காலைப் பயணத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது எந்தச் செயலியையும் விட நம்பகமான வழி. தவிர்க்க முடியாதவர்கள் உயர்வெளிச்சத்தைப் போடாமல் தாழ்வெளிச்சத்தில் ஓட்ட வேண்டும். உயர்வெளிச்சம் துளிகளில் பட்டு ஓட்டுநர் கண்ணுக்கே திரும்பி வரும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஈரச் சாலையும் சரிவும் சேர்ந்துகொள்வதால் வேகத்தைக் கணவாய்க்கு முன்பே குறைத்தாக வேண்டும்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்ற சொலவடையில் நீளும் பனிக்காலத்தின் அனுபவம் இருக்கிறது. அளவாகப் பார்த்தால் பனி அப்படித் துளைக்கும் அளவு நீர் இல்லை. ஓர் இரவில் படிவது அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. கொள்ளு பனிக்கு விளைகிறது என்று சொல்வதையும் இந்த இடத்தில் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கொள்ளு மண்ணுக்குள் தேங்கிய மழையீரத்தில்தான் வளர்கிறது. வெயில் தணிந்து ஈரம் மெதுவாக ஆவியாவதும், காலைப் பனி இலையை நனைத்து வைத்து அந்தச் செலவை இன்னும் சில மணி நேரம் தள்ளிப்போடுவதும் அதற்கு உதவி.

பறவையும் பூச்சியும் அவரையும்

வெப்பமானியைவிட முன்னதாகப் பருவத்தைச் சொல்பவை உயிர்கள். ஆனால் எல்லாமே குளிரைக் கண்டு நகர்வதில்லை. பெரும்பாலானவை பகலின் நீளத்தைப் பார்த்தே நகர்கின்றன.

இமயமலைப் பக்கமிருந்து வரும் சாம்பல் வாலாட்டி, செப்டம்பரிலேயே ஓடைக்கரைகளில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். இங்கே அப்போது குளிரே தொடங்கியிருக்காது. அது புறப்பட்ட இடத்தில் பகல் சுருங்கத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும் தகைவிலான்கள், வேலிமுள்ளில் தனியாக அமர்ந்து கத்தும் பழுப்புக் கீச்சான் எல்லாம் அதே கணக்குதான். மழை போதுமான அளவு பெய்த ஆண்டில் கெலவரப்பள்ளி அணை, ஓசூர் இராமநாயக்கன் ஏரி, பாரூர் ஏரி, கிருஷ்ணகிரி அணை ஆகியவற்றின் ஓரங்களில் பறவை பார்க்க டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள்.

பட்டாம்பூச்சிகளின் பயணம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. கோடையில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு மலைகளுக்கும் சமவெளிக்கும் வந்த நீலப்புலி வகை வண்ணத்துப்பூச்சிகள் அக்டோபர், நவம்பரில் திரும்பிப் போகின்றன. மழைக்கு இடையே வெயில் தலைகாட்டும் முற்பகலில் ஒரே திசையில், ஆள் உயரத்தில், நூற்றுக்கணக்கில் கடந்து போவதைப் பார்க்கலாம்.

செடிகளில் இந்தக் கணக்குக்கு நல்ல சான்று அவரை. மானாவாரி ராகியோடு ஊடுபயிராக ஆடி, ஆவணியில் விதைக்கும் நாட்டு அவரை பகல் குறுகும்வரை கொடியாகவே ஓடும். குறுகிய பிறகே பூக்கும். இரண்டு வாரம் முந்தி விதைத்தால் அறுவடை இரண்டு வாரம் முந்தாது. மார்கழியில் சந்தைக்கு வரும் காயின் மணத்துக்குத் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை காரணம். பனி இறங்கியபின்தான் அந்த வாசனை கூடும் என்பது இங்கே எல்லார் வீட்டிலும் சொல்வது. கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் இந்த இரண்டு மாதச் சாப்பாடு.

ராகிக் களத்தில்

நவம்பர், டிசம்பரில் ராகி அறுவடை. மழைக்குளிர் நீண்டால் முற்றிய கதிர் வயலிலேயே சாய்ந்து முளைவிடும். பனிக்குளிர் வந்தபிறகு வேறு சிக்கல்: பகலில் காய்ந்த தானியம் இரவில் பனியில் மறுபடி ஈரம் இழுத்துக்கொள்ளும். அரசு நேரடிக் கொள்முதலில் ராகியின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் ராகி வழங்கப்படுவதால் இந்த 12 சதவீதம் முன்னைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது. செய்ய வேண்டியது எளிது, அலுப்பானதும்கூட: வெயில் சாயும் முன் குவித்துத் தார்ப்பாயால் மூடி, காலையில் தரையின் ஈரம் போனபின்பே பரப்புவது.

யானைகள் வரும் காலம்

கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக ஓசூர் வனக்கோட்டத்துக்குள் வருவது ஆண்டுதோறும் இதே பருவத்தில்தான். ஒரு பகுதி தேன்கனிக்கோட்டைப் பக்கம் தங்கும், ஒரு பகுதி சானமாவுக் காடு வரை வரும். மழைக்குப் பின் காட்டில் தண்ணீரும் பசுமையும் இருக்கும்போது ஏன் வயலுக்கு வருகின்றன என்று கேட்கலாம். முற்றிய ராகி காட்டுப் புல்லைவிடச் சத்து மிகுந்தது, ஒரே இடத்தில் குவிந்து கிடைப்பது; யானையின் பார்வையில் இதைவிட லாபமான மேய்ச்சல் இல்லை. குளிர் அவற்றைத் துரத்தி வரவில்லை. கதிர் முற்றுவதும் குளிர் தொடங்குவதும் ஒரே வாரங்களில் நடப்பதால் அப்படித் தோன்றுகிறது.

ஆபத்தைக் கூட்டுவது மூடுபனி. பேரண்டப்பள்ளி அருகே கூட்டம் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் 50 மீட்டர்கூடத் தெரியாத காலை எப்படியிருக்கும் என்று யோசித்தால் போதும். வயல் காவலுக்குப் பரணில் இருப்பவர்களுக்கும் விடியலில் தனியாக வெளியே நடப்பவர்களுக்கும் அதுவே மிக மோசமான நேரம். கூட்டம் எங்கே இருக்கிறது என்று வனத்துறை முந்தைய இரவு அறிவித்திருந்தால், வெளிச்சம் நன்றாக வரும்வரை வீட்டில் இருப்பதுதான் வழி.

மாந்தோப்பு எதற்காகக் காத்திருக்கிறது

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இரண்டு குளிர்களின் வித்தியாசம் பணமாக மாறும் இடம் மாந்தோப்பு. பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா எதுவானாலும் பூ எடுக்கச் சில நிபந்தனைகள் உண்டு:

1. கிளையின் நுனியில் உள்ள இலைகள் முற்றியிருக்க வேண்டும். நான்கைந்து மாத வயது இருந்தால் நல்லது. அதாவது காய் பறித்தபின் ஆடி, ஆவணியில் விட்ட துளிர் டிசம்பருக்குள் முற்றியிருக்க வேண்டும்.

2. மண் கொஞ்சம் காய்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மாதங்களில் தோப்புக்குத் தண்ணீர் கட்டுவதில்லை.

3. இரவு வெப்பநிலை சில வாரங்களாவது 20 டிகிரிக்குக் கீழே, 15ஐ ஒட்டி இறங்கித் தங்க வேண்டும்.

கடைசி இரண்டும் பனிக்குளிர் தருபவை. மழைக்குளிர் மூன்றையும் கெடுக்கும். நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ பெருமழை பெய்தால் மரம் பூவுக்குப் பதிலாகப் புதுத்துளிர் விடும். அந்த இளந்துளிர் முற்றுவதற்குள் குளிர் முடிந்துவிடும். பேக்லோபுட்ரசால் போன்ற வளர்ச்சி ஒழுங்குபடுத்தியை வேரில் ஊற்றிப் பூவை வரவழைக்கும் வழக்கம் பரவியிருப்பது இந்த நிச்சயமின்மையால்தான். ஆனால் அளவு மீறினால் மரம் குறுகிப்போகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

பூ வந்த பிறகும் மேகம் ஓர் எதிரி. ஜனவரியில் நான்கு நாள் மூட்டம் போட்டால் பூங்கொத்தில் சாம்பல் நோய் படரும். தத்துப்பூச்சி பெருகி, அது சுரக்கும் இனிப்புப் பிசினில் கரும்பூசணம் ஏறும். மகரந்தம் சுமக்கும் ஈக்களும் வண்டுகளும் குறையும். ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி அனுப்புபவர்கள் இதே நான்கு நாட்களில் இலைக்கருகலுக்கு மருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். ஓசூர்ப் பசுமைக்குடில்களில் பிப்ரவரி 14ஐக் குறிவைத்து ரோஜா வளர்ப்பவர்கள் பக்கத்திரைகளை இறக்குவதா ஏற்றுவதா என்று தவிப்பார்கள்: மூடினால் உள்ளே ஈரம் தேங்கிப் பூசணம், திறந்தால் மொட்டு விரிவது தாமதம்.

எனவே தோப்புக்காரர்கள் மார்கழியில் பார்க்க வேண்டியது மழையளவை அல்ல, விடியற்கால வெப்பநிலையையும் கிளை நுனியையும். நுனி மொட்டு உருண்டு பருத்து வந்தால் பூ. கூராக நீண்டு செந்நிறத்தில் இலை பிரிந்தால் துளிர். தோப்பில் எத்தனை கிளைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பது பொங்கலுக்குள் தெரிந்துவிடும். துளிருக்குப் போன கிளை பெரும்பாலும் அடுத்த ஆண்டு மார்கழிவரை காத்திருக்கும்.